மூன்று பக்கம் குறைந்த கதைத் தொகுதி: 20 பிரதிகளைக் கையால் கட்டிய அனுபவம்

சென்ற ஜனவரியில் விடுதி அறையில் நான் கட்டிய முதல் புத்தகம் மூன்று நாட்கள்கூடத் தாங்கவில்லை. ஏ4 தாள்கள் பன்னிரண்டை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, முதுகில் இரண்டு ஸ்டேப்ளர் கம்பிகளை அடித்து உருவாக்கிய 48 பக்கச் சிறு நூல் அது. சாதாரண ஸ்டேப்ளரின் வாய் மடிப்புக் கோடு வரை எட்டாது என்பதால், அதன் அடித்தட்டை விலக்கிவிட்டு, தாளுக்குக் கீழே தெர்மோகோல் துண்டை வைத்துக் குத்தி, மறுபக்கம் வெளிவந்த கம்பி முனைகளை மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்த கரண்டிக் காம்பால் மடக்கினேன். மூடி வைத்தால் புத்தகம் தானாகவே வாயைத் திறந்துகொண்டது. உள்ளே செருகிய தாள்கள் வெளித்தாள்களைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாகத் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டாவதாக வாங்கிப் படித்த அறைத்தோழன் அதைத் திருப்பிக் கொடுத்தபோது நடுத்தாள் தனியாக அவன் கையில் இருந்தது.

இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவனாகிய நான் பள்ளி நாட்களிலிருந்தே கதை எழுத முயன்று வருகிறேன். கல்லூரி ஆண்டு மலரில் என்னுடைய பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்று வந்திருக்கிறது. அதுவும் விளம்பரத்துக்குக் கீழே மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக வந்தது என்பதை அறிவேன். சிற்றிதழ்களுக்கு அனுப்பிய கதைகளுக்குப் பதில் வரவில்லை. எழுதியதை யாராவது தாளில் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. அப்படிப் படிக்கக்கூடியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தபோது இருபது பேர் தேறினார்கள். ஆறு சிறுகதைகள், இருபது பிரதிகள், நூலால் தைத்த கெட்டி அட்டைக் கட்டு என்று திட்டமிட்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கினேன். பருவத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும் என்று நம்பிய வேலை நவம்பர் மழை வரை நீண்டது.

முதல் பாடம் கதையைப் பற்றியதாக இல்லாமல் தாளைப் பற்றியதாக இருந்தது. முதுகலை படிக்கும் அண்ணன் ஒருவருடைய ஆய்வேட்டைக் கட்டக் கொடுப்பதற்காகத் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் உள்ள பைண்டிங் கடைக்கு அவருடன் போனேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்தக் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஆகஸ்டில் கடைக்காரர் ஓய்வாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பாய் என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். பையில் இருந்த என் ஸ்டேப்ளர் புத்தகத்தைக் காட்டியபோது அவர் அதைப் படிக்கவில்லை. நடுத்தாளை உருவி எடுத்து, நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்குவாக்கில் ஒருமுறையும் மடியாமல் வளைத்துப் பார்த்துவிட்டு, "பேப்பருக்கும் நரம்பு இருக்கு தம்பி, நீங்க நரம்புக்குக் குறுக்கால மடிச்சிருக்கீங்க" என்றார்.

ஆலையில் காகிதக் கூழ் ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படிந்துவிடுகின்றன. அந்தத் திசையை ஒட்டி மடித்தால் தாள் பணிவாக மடியும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மடிப்பு விளிம்பு சொரசொரப்பாகி, தாள் மீண்டும் நிமிரப் பார்க்கும். கடைகளில் வாங்கும் ஏ4 நகல் தாளில் பெரும்பாலும் நார் நீளப் பக்கத்தை ஒட்டியே ஓடுகிறது. அதை ஏ5 புத்தகமாக நடுவில் மடிக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. என் புத்தகம் வாயைத் திறந்துகொண்டதற்குக் காரணம் இதுதான். நார்த்திசையைக் கண்டறிய எளிய வழி ஒன்றையும் பாய் சொன்னார். தாளிலிருந்து தபால்தலை அளவில் ஒரு துண்டை வெட்டி, எந்தப் பக்கம் நீளப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, தண்ணீர்மேல் மிதக்க விட வேண்டும். ஈரம் பட்ட நார் நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, குறுக்கேதான் பருக்கிறது. அதனால் துண்டு குழல்போலச் சுருளும், அந்தக் குழல் நீளும் திசையே நார் ஓடும் திசை. விடுதியில் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஏழெட்டு வகைத் தாள்களில் இதைச் செய்து பார்த்தேன். ஆய்வகத்தில் நான் செய்த எந்தச் சோதனையும் இவ்வளவு சீராக ஒரே விடையைத் தந்ததில்லை.

ஏ4 தாளைக் கைவிடுவது என்று முடிவு செய்தேன். தமிழ்ப் புத்தகங்களில் பழக்கமான டெமி 1/8 அளவு ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்டது. 23-க்கு 36 அங்குலப் பெருந்தாளை எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் துண்டுகளாக வெட்டினால், 36 அங்குலப் பக்கத்தில் நான்கும் 23 அங்குலப் பக்கத்தில் இரண்டுமாக எட்டுத் துண்டுகள் கிடைக்கும். பெருந்தாளின் நார் 36 அங்குலப் பக்கத்தை ஒட்டி ஓடினால், துண்டுகளில் அது எட்டரை அங்குலப் பக்கத்தை ஒட்டி அமையும். பதினொன்றை நடுவில் மடிக்கும்போது மடிப்பும் நாரும் ஒரே திசையில் இருக்கும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு, மறுநாள் கொடுக்க வேண்டிய ரெக்கார்டு நோட்டு எழுதாமலே கிடந்தது.

தாள் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். திருமண அழைப்பிதழ்க் கடைகளும் காகிதக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருவில், ரீம் கணக்கில் வாங்க வருபவர்களுக்கு நடுவே ஐம்பது தாள் கேட்டு நிற்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மூன்றாவது கடையில் கொடுத்தார்கள். 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்னும் அச்சுத்தாள், கண்ணை உறுத்தாத இளமஞ்சள் நிறம். ஒரு மூலையைக் கிழித்து, கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் மிதக்கவிட்டு நார்த்திசை பார்த்தபோது கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நார் 36 அங்குலப் பக்கமாகத்தான் ஓடியது. அங்கேயே கட்டிங் மிஷினில் போட்டு 400 துண்டுகளாக வெட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை என்பதால் அதையும் சரிபார்க்க முடிந்தது. என் அளவுத் துண்டுகள் பத்தின் எடை கணக்குப்படி 48 கிராம் இருக்க வேண்டும். ஆய்வகத் தராசு 47-க்கும் 48-க்கும் இடையே நின்றது. கடைக்காரர் நேர்மையானவர்.

இனி கதைகள். ஆறு கதைகளையும் கணினியில் தட்டச்சு செய்து, டெமி அளவுக்குப் பக்கம் அமைத்து, பக்கத்துக்கு 27 வரிகள் வைத்தபோது கதைகள் 63 பக்கங்கள் வந்தன. தலைப்புப் பக்கம், உள்ளடக்கம் முதலியவற்றுக்கு நான்கு பக்கங்கள் சேர்த்தால் 67. நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் கிடைக்கும் 16 பக்கங்களை ஒரு பாரம் என்பார்கள். நான்கு பாரங்களுக்கு 64 பக்கங்கள். எனக்கு மூன்று பக்கங்கள் அதிகம். ஒரே ஒரு தாளை மடித்து ஐந்தாவது பாரமாகச் சேர்த்தால் 68 ஆகிவிடுமே என்று பாயிடம் கேட்டேன். "ஒத்தத் தாளைத் தனியாத் தெச்சா நிக்காது தம்பி. நூல் பேப்பரை அறுத்துட்டு வந்துடும்" என்றார். இரண்டு தாள் சேர்த்து 72 ஆக்கினால் கடைசியில் ஐந்து வெற்றுப் பக்கங்கள் நிற்கும். எழுதத் தெரியாதவன் நிரப்பாமல் விட்ட இடம்போல அது தோன்றும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே மூன்று பக்கங்களைக் குறைப்பது என்று உட்கார்ந்தேன்.

மூன்று பக்கம் என்றால் 81 வரிகள். முதலில் எல்லோரும் செய்வதைப்போல அடைமொழிகளை நீக்கத் தொடங்கினேன். 'மெல்லிய', 'ஏதோ ஒரு', 'சட்டென்று' ஆகிய மூன்றையும் தேடித் தேடி எடுத்தபோது ஆறு கதைகளிலும் சேர்த்துப் பதினொரு வரிகள்தான் குறைந்தன. அவையும் பத்தி நடுவே குறைந்ததால் ஒரு பக்கம்கூட மிச்சமாகவில்லை. இரண்டு மாலைகள் இப்படிப் போன பிறகுதான் பக்கங்களை அச்செடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்குகிறது. மூன்று கதைகளின் கடைசிப் பக்கங்களில் முறையே இரண்டு, ஐந்து, ஒன்பது வரிகள் மட்டுமே வழிந்து நின்றன. அந்தப் பதினாறு வரிகளை எடுத்துவிட்டால் மூன்று முழுப் பக்கங்கள் போய்விடும். 81 வரிகளை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் அந்தப் பதினாறும் கதை முடிவுகள். இரண்டு வரிக்காரக் கதையில் சிக்கல் இல்லை. முன்பத்தி ஒன்றில் ஒரு வாக்கியத்தைச் சுருக்கியதும் அது மேலேறிவிட்டது. ஐந்து வரிக் கதை ஒரு மெஸ் டோக்கனைப் பற்றியது. வீட்டிலிருந்து பணம் வராத மாதத்தில் ஒருவன் தன் இரவு உணவு டோக்கனை விற்கிறான். வாங்கியவன் அதை மறுநாள் அவன் நோட்டுக்குள்ளேயே திருப்பி வைக்கிறான். அதோடு கதை முடிந்துவிட்டது. நான் அதற்குப் பிறகும் ஐந்து வரிகளில், அவன் கண்கள் கலங்கின என்றும், பசியைவிட நட்பு பெரிது என்று அவனுக்குத் தோன்றியது என்றும் எழுதி வைத்திருந்தேன். அதை அடித்தபோது வருத்தமாக இல்லை, வெட்கமாக இருந்தது. ஒன்பது வரி முடிவுதான் வலித்தது. விடுதிக் காவலாளி ஒருவர் தன் மகன் படிக்கும் கல்லூரியைப் பற்றி மாணவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும் கதை அது. அந்த ஒன்பது வரிகளில்தான் அவர் ஏன் பொய் சொன்னார் என்பது வெளிப்படுகிறது. அவற்றை எழுத எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. எடுத்துவிட்டால் காவலாளி இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டுவதோடு கதை நின்றுவிடும்.

எழுத்தை மாற்றாமல் தப்பிக்கும் வழிகளையெல்லாம் முயன்றேன். வரி இடைவெளியைக் குறைத்தபோது மேல் வரியின் 'பு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொண்டன. மேலும் கீழும் குறிகள் நீளும் தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளியில் கஞ்சத்தனம் ஆகாது. ஓரத்தைக் குறைத்தால் கட்டிங்கில் எழுத்து போய்விடும். கடைசியில் அந்த ஒன்பது வரிகளை நீக்கிய பிரதியையும் நீக்காத பிரதியையும் அறைத்தோழனிடம் கொடுத்தேன். நீக்கிய பிரதியைப் படித்துவிட்டு, "மச்சான், அந்த வாட்ச்மேனுக்கு உண்மையிலேயே மகன் இருக்கானா?" என்று கேட்டான். நீக்காததைப் படித்தபோது எதுவும் கேட்கவில்லை. நீக்கியதே நின்றது.

அச்சடிப்பதற்குப் பக்கங்களை வரிசை மாற்றி அடுக்க வேண்டும். ஒரு பாரத்தின் வெளித்தாளில் ஒருபுறம் 16-ஆம் பக்கமும் 1-ஆம் பக்கமும், மறுபுறம் 2-உம் 15-உம் வர வேண்டும். அடுத்த தாளில் 14, 3 மற்றும் 4, 13. இப்படியே போய் நடுத்தாளின் உட்புறத்தில் 8-உம் 9-உம் சந்திக்கும். அருகருகே வரும் இரு எண்களின் கூட்டுத்தொகை முதல் பாரத்தில் எப்போதும் 17 ஆக இருக்கும். இரண்டாவதில் 49, மூன்றாவதில் 81, நான்காவதில் 113. லிப்ரே ஆஃபீஸில் புத்தக வடிவில் அச்சிடும் வசதி இருக்கிறது. ஆனால் 64 பக்கங்களையும் ஒன்றாகக் கொடுத்தால் அது ஒரே பெரிய பாரமாக அடுக்கிவிடும். ஆகவே 16, 16 பக்கங்களாகப் பிரித்து நான்கு கோப்புகளாக்கிக் கொடுத்தேன். கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கூட்டிப் பார்த்தது பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஜெராக்ஸ் கடையில் நடந்தவற்றுள் பயனுள்ளவற்றை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் ஆவணக் கோப்பாகவே கொண்டுபோனேன். அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லாததால் வேறொன்றில் திறந்து, 64 பக்கங்கள் மறுபடியும் 67 ஆகிவிட்டன. வெட்டியெறிந்த மூன்று பக்கங்களும் பேயாகத் திரும்பி வந்ததைப்போல இருந்தது. எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாக மாற்றிக் கொண்டுபோன பிறகு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவதாக, இருபுறமும் அச்சிடும்போது தாளைக் குறுகிய பக்கத்தில் புரட்டும்படி இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். கடைப் பையன் வழக்கம்போல நீளப் பக்கத்தை வைத்ததால் ஒரு தாளின் பின்புறம் இருபது பிரதிக்கும் தலைகீழாக வந்தது. இருபது துண்டுகள் வீண்.

மூன்றாவது சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் தாள் இயந்திரத்துக்குள் அடிக்கடி சிக்கியது. கடைக்காரர் தாள் மட்டமானது என்றார். எனக்கு அப்போதுதான் நரம்பு நினைவுக்கு வந்தது. சாதாரண ஏ4 தாள் குறுகிய பக்கம் முன்னே செல்லும்படி ஓடும்போது நார்த்திசையிலேயே ஓடுகிறது. என் தாளோ நார் மாறியது. அதே மாதிரி வைத்தால் நாருக்குக் குறுக்கே ஓடி, உருளைகளில் வளைந்து கொடுக்காமல் முட்டுகிறது. தாளைத் திருப்பி, நீளப் பக்கம் முன்னே செல்லும்படி தட்டில் வைக்கச் சொன்னேன். அதன் பிறகு 640 முகங்களும் அச்சாகி முடியும்வரை இரண்டே முறைதான் சிக்கியது. கடைக்காரர் என்னை நீங்கள் என்று அழைக்கத் தொடங்கினார்.

மடிப்பதற்கு எலும்பில் செய்த கருவி இருக்கிறதாம். நான் பழைய ஆறு அங்குல மரஸ்கேலின் விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்கிப் பயன்படுத்தினேன். நார்த்திசையில் மடிந்த தாள் எவ்வளவு மெத்தென்று உட்காருகிறது என்பதை முதல் பாரத்திலேயே கை உணர்ந்தது. துளைகளை எல்லாப் பாரங்களிலும் ஒரே இடத்தில் போட வேண்டும் என்பதற்காக, ஓர் அட்டைத் துண்டை முதுகின் நீளத்துக்கு வெட்டி, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி ஒவ்வொன்றும், இடையில் சம தூரத்தில் நான்குமாக ஆறு துளைகள் குறித்து அச்சாக வைத்துக்கொண்டேன். விரிந்த பாரத்தின் பள்ளத்தில் அதை வைத்துக் குத்தூசியால் குத்தினேன். ஊசியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்துவிட்டால் துளை மடிப்புக் கோட்டிலிருந்து விலகி வெளியே வருகிறது. முதல் இரண்டு பிரதிகளில் அப்படி விலகிய துளைகள் இன்றும் தெரிகின்றன.

நூல் விஷயத்தில் மூன்று தோல்விகள். பூக்கட்டும் நூல் இழுத்ததும் அறுந்தது. செருப்புத் தைக்கும் நூல் தடிமனாக இருந்ததால் முதுகுப் பக்கம் வீங்கிப் புத்தகம் ஆப்பு வடிவம் எடுத்தது. தையல் மிஷின் நூலை மூன்று புரியாகச் சேர்த்தால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுந்தது. பிறகு பாய் தன் கடை நூல் உருண்டையிலிருந்தே அளந்து கொடுத்தார். ஒரு பிரதிக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு முழங்கையை நீட்டி, "ரெண்டரை முழம்" என்றார். முதுகின் எட்டரை அங்குலத்தை நான்கு பாரத்தால் பெருக்கி, முடிச்சுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 45 அங்குலம். முழம் 18 அங்குலம் என்று கொண்டால் மிகச் சரியாக இரண்டரை. நூலை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகில் இருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழுவதில்லை, போட்ட முடிச்சும் நழுவுவதில்லை. மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பார்த்தேன். அது உதிர்ந்து தாளில் எண்ணெய்ப் புள்ளிகளாகப் படிந்தது.

தைக்கும் முறை சொல்லக் கடினம், செய்ய எளிது. முதல் பாரத்தின் ஒரு முனைத் துளையில் வெளியிலிருந்து நுழைந்து, உள்ளும் வெளியுமாக ஓடி, மறுமுனையில் வெளியே வர வேண்டும். இரண்டாவது பாரத்தை அதன்மேல் வைத்து, வந்த வழியே திரும்பி ஓடி, தொடக்கத்தில் விட்ட நூல் முனையோடு முடிச்சிட வேண்டும். மூன்றாவது பாரம் முதல், ஒவ்வொரு முறை முனைக்கு வரும்போதும் ஊசியைக் கீழே இருக்கும் இரு பாரங்களுக்கு இடையே செலுத்தி, அங்குள்ள நூலைச் சுற்றிக் கண்ணியாக இழுத்துவிட்டுத்தான் அடுத்த பாரத்துக்கு ஏற வேண்டும். இந்தக் கண்ணியே புத்தகத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. நூலை முதுகின் நீளவாக்கில் இழுக்க வேண்டும்; மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். முதல் பிரதியைத் தைக்க ஐம்பது நிமிடங்கள் ஆயின. பத்தாவது பிரதிக்கு இருபது நிமிடங்கள் போதுமாக இருந்தன. அதற்குள் மெஸ்ஸில் தோசைக்கு வரிசை குறையும் நேரத்தைக் கணக்கிட்டுத் தைக்கப் பழகிவிட்டேன்.

பசையை நானே காய்ச்சினேன். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் குளிர்ந்த நிலையிலேயே கரைத்து, பிறகுதான் அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிகளின் வெளிப்புறம் மட்டும் வெந்து உள்ளே பச்சை மாவு நிற்கும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல ஆனதும் இறக்கலாம். விடுதியில் அடுப்புக்கு அனுமதியில்லை. தேநீர்க் கடை அக்காவிடம், கடை மூடும் நேரத்தில் பத்து நிமிடம் அடுப்பைக் கேட்டுப் பெற்றேன். அதில் கரப்பானும் பூச்சியும் வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பது பைண்டிங் கடைகளின் பழைய வழக்கம். ஆய்வகத்தில் நாங்கள் காப்பர் சல்பேட் என்று எழுதும் அதே நீலப் படிகந்தான். வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்பதால் அக்காவின் அடுப்பில் அதைச் சேர்க்கவில்லை. பசையை அறைக்குக் கொண்டுவந்து, எறிந்துவிடக்கூடிய டப்பாவில் கலந்துகொண்டேன். முதுகுக்கு மட்டும் ஃபெவிகால். காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் என்பதால் அங்கே அதுதான் பொருத்தம். அட்டையின் மேல்தாளுக்கு மைதாப் பசையே சிறந்தது. மெதுவாகக் காய்வதால், கோணலாக ஒட்டிவிட்டாலும் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தருகிறது.

முதுகில் மல் துணியை ஒட்டிக் காய்ந்ததும் மூன்று பக்கமும் வெட்டுவதற்காகப் பாயின் கட்டிங் மிஷினுக்குக் கொண்டுபோனேன். பிறகு சாம்பல் நிற அட்டைகள் இரண்டை மூன்று பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, முதுகுக்குக் காடாத் துணியும் மேலே பழுப்புத் தாளும் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லா அட்டைகளும் அப்பளம்போல வெளிப்புறமாக வளைந்து கிடந்தன. ஈரத்தில் விரிந்து ஒட்டிய தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உட்புறத்திலும் ஒரு தாளை ஒட்டினால் அது எதிர்ப்பக்கம் இழுத்து நிமிர்த்திவிடும். ஒட்டியதும் செய்தித்தாளில் சுற்றிய செங்கற்களையும், நான் அதிகம் திறக்காத கரிம வேதியியல் நூல்கள் இரண்டையும் மேலே வைத்து ஓர் இரவு அழுத்தினேன். பதினாறு பிரதிகள் நிமிர்ந்தன. மீதி நான்கு கொஞ்சம் வளைந்தபடியே இருக்கின்றன.

இருபதும் முடிந்த இரவில், முதல்முறையாக வாசகனைப்போலப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது 41-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஊரிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் அச்சக முதலாளியிடம், "எனக்கு ஏதாவது வேலைக் கொடுங்கள்" என்று கெஞ்சுகிறான். ஒற்று மிகுந்ததால் அது வேல் என்பதன் இரண்டாம் வேற்றுமையாகி, அந்த அப்பாவி முதலாளியிடம் ஈட்டி கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளியில் தமிழய்யா இதே உதாரணத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்ததும் நினைவிருக்கிறது. பழைய நூல்களின் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒட்டலாமா என்று யோசித்தேன். பிறகு வேறு வழி தெரிந்தது. லேசர் அச்சின் கருப்பு தாளுக்குள் ஊறும் மையன்று. சூட்டில் உருகித் தாளின்மேல் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தூள். பாதி பிளேடின் முனையைச் சாய்த்து மெதுவாகச் சுரண்டினால் உதிர்ந்துவிடுகிறது. 40-உம் 41-உம் மூன்றாம் பாரத்தின் நடுத்தாளில் எதிரெதிராக வருவதால் புத்தகம் அந்த இடத்தில் தட்டையாகத் திறந்து கொடுத்தது. இருபது பிரதிகளிலும் ஒரு 'க்'கைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அந்த இடத்தில் இரண்டு சொற்களுக்கிடையே இயல்பைவிட அகலமான இடைவெளி இருக்கிறது. அந்த இளைஞன் தயங்கிப் பேசுவதாக ஒரு வாசகர் புரிந்துகொண்டு பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

எல்லாச் செலவும் சேர்த்து ஒரு பிரதிக்கு 78 ரூபாய் ஆயிற்று. ஒன்றைப் பாய்க்குக் கொடுத்தேன். அப்போதும் அவர் படிக்கவில்லை. அட்டையைத் திறந்து, உள் மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூணாவது பாரத்துல இழுப்பு பத்தல" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று பத்து நாட்களில் தெரிந்தது. 17-ஆம் பிரதி மூன்றாவது பாரம் தளர்ந்து திரும்பி வந்திருக்கிறது. முனையில் கண்ணி போட மறந்து அப்படியே ஏறியிருக்கிறேன். நவம்பர் மழையில் வேறு இரண்டு பிரதிகளின் உள்ளட்டையில் பூஞ்சையும் பூத்திருந்தது. பசை முழுவதும் காயும் முன்பே செங்கல்லை எடுத்து மூடி அடுக்கியதன் பலன் அது. உலர்ந்த தூரிகையால் துடைத்து, விரித்து, மின்விசிறிக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறேன். 17-ஆம் பிரதியின் முதுகை ஈரத்துணியால் நனைத்துப் பார்த்தேன். மைதாப் பசை இளகுகிறது, ஃபெவிகால் இளகவில்லை. நாளை ஆய்வக வகுப்பு முடிந்ததும், துணியைக் கிழிக்காமல் அதை எப்படிப் பிரிப்பது என்று பாயிடம் கேட்கப் போகிறேன்.